வேட்டைக்காரன் இல்லாத மாதம்

எங்கள் கோளரங்கத்தில் தினமும் கூட்டத்துக்கு நட்சத்திரம் காட்டுகிற பெண்ணுக்கு இருட்டில் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்திருந்து போட்டு உடைக்கிற கதைக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நான் அங்கே மெஷின் ஆபரேட்டர். வட்டமான அரங்கம், மேலே கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெள்ளைக் கூரை, நடுவில் இரண்டு உருண்டைத் தலையோடு நிற்கிற மெஷின். உருண்டைக்குள் விளக்கு இருக்கும், உருண்டை மேல் ஊசித் துளைகள் இருக்கும். விளக்கைப் போட்டால் வெளிச்சம் துளை வழியாகப் போய்க் கூரையில் நட்சத்திரமாக விழும். வானம் என்பது அவ்வளவுதான். இதைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மீதிப் பேர் ஏசிக்காக வந்து குறட்டை விடுவார்கள். இருட்டினதும் செல்போனைத் திறந்து முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொள்கிற ஜாதி ஒன்று உண்டு. அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், வேண்டாம்.

நட்சத்திரங்களின் கதையைச் சொல்வது அந்தப் பெண்ணின் வேலை. அவரை எல்லோரும் கதைக்காரம்மா என்போம். ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராக இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். இன்டர்வியூ பகல் வெளிச்சத்தில், மேனேஜர் அறையில் நடந்தது. ஏதாவது ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். சந்திரன் கதையைச் சொன்னார்.

"இருபத்தேழு அக்கா தங்கச்சிங்களையும் ஒரே ஆளுக்குக் கட்டி வச்சார் மாமனார். கட்டினவனுக்கு ரோகிணி வீட்டுலதான் சோறு இறங்குச்சு. மத்தவங்க எல்லாம் அப்பன்கிட்டப் போய் அழுதாங்க. மாமனார் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ரெண்டு தடவை பதமாச் சொன்னார். மூணாவது தடவை, நீ தேய்ஞ்சு போன்னு சபிச்சுட்டார். மாப்பிள்ளை இளைச்சு இளைச்சு ஒண்ணுமில்லாமப் போறதைப் பார்த்து அழுததும் அதே இருபத்தேழு பேர்தான். சரி, பாதி மாசம் தேய், பாதி மாசம் வளருன்னு பஞ்சாயத்து முடிஞ்சுது. இன்னிக்கும் மாசத்துல ஒரு நாள் ரோகிணி வீட்டு வாசல்ல நிப்பான், பாருங்க."

இன்டர்வியூ எடுத்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்தது. கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கதை சொல்ல வாய் போதும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

முதல் நாள் ஒத்திகைக்கு அரங்கத்துக்குள் கூட்டி வந்தேன். விளக்கை மெல்ல மெல்லத் தணித்து, முழு வானத்தையும் ஏற்றிவிட்டு, புதிதாக வந்தவர் அசந்துபோகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கும் அந்த மெஷின் மேல் ஒரு பெருமை உண்டு. அப்புறம் அவர் பணிவாகக் கேட்டார்.

"மெஷினை எப்ப போடுவீங்கண்ணே?"

எனக்குச் சுருக்கென்றது. கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். "போட்டாச்சேம்மா. தலைக்கு மேல மூவாயிரம் நட்சத்திரம் நிக்குது" என்றேன். அவர் எழுந்தார், இரண்டடி வைத்தார், மேஜை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டார். விளக்கைப் போட்டபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு அந்திக்கு மேல் பார்வை மங்கல். பகலில் எந்தக் குறையும் இல்லை. படிப்பார், எழுதுவார், ஊசியில் நூல்கூடக் கோர்ப்பார். நட்சத்திரம் என்று நாங்கள் காட்டுவது பல்ப் மாதிரிப் பளிச்சென்று இருக்கும், அது தெரியாமலா போகும் என்று நம்பி வந்துவிட்டார். "என்னை அனுப்பிடாதீங்கண்ணே" என்று அழுதார். அவர் அழுததற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. அதற்கு அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு பெரிய கிடங்கில் காவல்காரராக இருந்தவர். அங்கே ஒரு திருட்டு நடந்து, காவலில் தூங்கிவிட்டார் என்று அவர் வேலை போனது. கொஞ்ச வருடத்தில் கண்ணும் முழுசாகப் போய்விட்டது. மனைவி போன பிறகு மகள் வீட்டோடு இருக்கிறார். மாப்பிள்ளை தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிரித்து விடுவது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கைத்தடவலிலேயே மாப்பிள்ளைக்குப் பாபினில் நூல் சுற்றிக் கொடுப்பார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ஒரே பேச்சுதான். "என் கண்ணு என்னோட போகட்டும். என் பொண்ணு ஊருக்கே நட்சத்திரம் காட்டுறா." கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாடிக்கையாளர்கள் "ஆமாங்க ஐயா, தெரியுங்க" என்று சொல்லிவிட்டு பேன்ட்டைப் போட்டுப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இந்தக் கண் வியாதி அப்பா வழியாக வருகிறது என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருந்தார். புருஷனுக்குத் தெரியும். அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. தன்னால்தான் மகளுக்கும் வந்தது என்று தெரிந்தால் அந்த மனுஷன் இடிந்து போய்விடுவார் என்று கதைக்காரம்மாவுக்குப் பயம். பார்க்க முடியாதவரிடம் மறைப்பது சுலபமாகவும் இருந்தது. கோளரங்க வேலை போனால், ஏன் போனது என்று அப்பா துருவித் துருவிக் கேட்பார். அதனால் அந்த வேலை போகக் கூடாது. விஷயம் இவ்வளவுதான்.

நான் யோசித்தேன். எனக்கு இரக்க சுபாவம் கிடையாது, வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அவருக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொரு காட்சியிலும் செய்தி வாசிக்கிற மாதிரி எத்தனை ஒளியாண்டு, எத்தனை டிகிரி வெப்பம் என்று ஒப்பித்து, முன் வரிசையையே தூங்க வைத்தவர். அந்தக் குரலைத் திரும்பக் கேட்பதைவிட ஒரு பொய்யில் கூட்டுச் சேர்வது மேல் என்று எனக்குத் தோன்றியது.

கதை சொல்கிறவர் கையில் ஒரு டார்ச் இருக்கும். அதை அடித்தால் கூரையில் சிவப்பாக ஓர் அம்பு விழும். அம்பை நேராகப் பார்த்தால் அவருக்குச் சிவப்பாக ஏதோ தெரியும், நட்சத்திரம்தான் தெரியாது. ஆகவே எந்த நட்சத்திரம் எங்கே என்பதைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை ஒரு நீளமான நாடாவில் பட்டன்கள் தைத்துக் கொடுத்தார். அதை எங்கள் மேஜையைச் சுற்றியுள்ள கம்பியில் கட்டினோம். பெரிய கோட்டுப் பட்டன் வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டம். பக்கத்தில் சட்டைப் பட்டன் ரோகிணி. அதற்கடுத்து ஒட்டி ஒட்டித் தைத்த குட்டிப் பட்டன்கள் கார்த்திகைப் பெண்கள். வடக்கே ஒரு கொக்கி, அது மேல்நாட்டுக் கதையில் தலைகீழாகத் தொங்குகிற ராணி. இடது கை பட்டனைத் தொடும், வலது கை அம்பை அடிக்கும். நெற்றி உயரமா, தலைக்கு மேலா என்பதை உடம்பு வைத்துக்கொள்ளும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழகினோம். "இன்னும் கொஞ்சம் மேல... போதும், வேட்டைக்காரன் மூக்கைக் குத்தாதே" என்று நான் இருட்டில் கத்திக்கொண்டிருப்பேன்.

இதில் ஒரே ஒரு சங்கடம். வானம் மாறக் கூடாது. நிஜ வானம் மாதத்துக்கு மாதம் நகரும். எங்கள் மெஷினிலும் தேதியைத் திருப்ப ஒரு பல்சக்கரம் இருக்கிறது. திருப்பினால் பட்டன் எல்லாம் பொய்யாகிவிடும். அதனால் அது இறுகிப்போய்விட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். எங்கள் கோளரங்கத்தில் வருடம் பூராவும் ஒரே மாதம், ஒரே சாயங்காலம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. காட்சி முடிந்து வெளியே போய் அண்ணாந்து பார்க்கிறவன் எவன் இருக்கிறான்?

கண்டுபிடிக்காததற்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். ஒரு நாள் காட்சி நடுவில் வடக்குப் பக்கத்து விளக்கு ஃபியூஸ் போய், பாதி வானம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அது தெரியாமல் கதைக்காரம்மா அந்த வெறும் இருட்டில் அம்பை அடித்து, "இதோ ஏழு முனிவர்கள். நாம முனிவர்னு சொன்னோம், வேற ஊர்க்காரன் கரடின்னான், பசிச்சவன் எவனோ கரண்டின்னான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் ஒருவர் மனைவியிடம், "ஆமா ஆமா, கரண்டி மாதிரியே இருக்கு பாரு" என்றார். அந்த அம்மாவும் "ஆமாங்க, காம்பு கூடத் தெரியுது" என்றார். அன்றைக்கே மனிதர்கள் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போய்விட்டது.

இப்படியே வருடங்கள் ஓடின. மேனேஜர் மாறி, புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு, கெட்டவர் இல்லை, எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்ற அரிப்பு உள்ளவர். அவர் வந்த ஆறாம் மாதம், ஒரு வக்கீல் டிக்கெட் கவுன்டரில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"நேத்து உங்க காட்சியைப் பார்த்துட்டு மொட்டை மாடியில டெலஸ்கோப்பை வச்சேன். உங்க வேட்டைக்காரனைக் காணோம்."

"திருட்டுப் போச்சா சார்?" என்று கேட்டாள் கவுன்டர் பெண்.

"வேட்டைக்காரன் இப்ப மேலயே இருக்க மாட்டாம்மா. இது தேள் ஏறி நிக்கிற மாசம். ஆறு மாசத்துப் பழைய வானத்தை ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."

மேனேஜருக்கு முகத்தில் ஈயாடவில்லை. என்னைக் கூப்பிட்டார். பல்சக்கரம் இறுகிப்போனதைச் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நேராக மெஷினிடம் போய், ஒரு விரலால் சக்கரத்தைத் திருப்பினார். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. பராமரிப்பில் நான் குறை வைப்பதில்லை, அதுதான் கஷ்டம். "இனிமே அந்தந்த மாசத்து வானம்தான் ஓடணும். அடுத்த திங்கக்கிழமையிலிருந்து. வக்கீல் சாரையும் கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

கதைக்காரம்மா அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. "முடியாதுண்ணே. எல்லாம் இடம் மாறிடும்" என்றார். முடியும் என்று நான் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. மாப்பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாகப் புது நாடா தைத்துக் கொடுத்தார். தேளுக்குக் கோட்டுப் பட்டன். ராணி போய்விட்டாள், ரோகிணி போய்விட்டாள், கார்த்திகைப் பெண்கள் யாரும் இல்லை. தெற்கே திரிசங்கு வந்தான், மேற்கே சித்திரையும் சுவாதியும் வந்தன. பழைய கை பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. தேள் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு எங்கேயோ காலி வானத்தில் அம்பை அடித்துவிட்டு, "சரியாண்ணே?" என்று கேட்பார். "சரி" என்று பொய் சொல்லலாமா என்று எனக்கு இருக்கும். ஆனால் வரப்போவது கரண்டிக்காரர் இல்லை, வக்கீல்.

திங்கட்கிழமை காலைக் காட்சி. மேனேஜர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வக்கீல் நடு வரிசையில் மனைவி, அவருடைய சிநேகிதர்கள் என்று பட்டாளமாக வந்திருந்தார். நான் வானத்தை ஏற்றினேன். கதைக்காரம்மா திரிசங்குவில் ஆரம்பித்தார். உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்ட ராஜா, மேலே இருந்தவர்கள் பிடித்துத் தள்ள, கீழே இருந்த முனிவர் விழாதே என்று நிறுத்த, நடுவில் மாட்டிக்கொண்ட கதை. "புகுந்த வீடும் இல்லாம, பொறந்த வீடும் இல்லாம நிக்கிறவங்க நம்ம வீட்டுலயும் இருக்காங்க இல்லையா" என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. அம்பும் சரியாகத்தான் விழுந்தது. எனக்கு மூச்சு திரும்பியது.

அப்போது வக்கீல் வாயைத் திறந்தார். கேள்விகள் எல்லாம் விளக்கு வந்த பிறகுதான் என்று நாங்கள் வைத்திருந்த விதி அவருக்குத் தெரியாது. அவர் கோர்ட்டில் நிற்பவர், நினைத்தபோது கேட்டுப் பழக்கம்.

"அம்மா, அதோ அங்க இருக்கே, அது எது?"

நட்சத்திர வெளிச்சத்தில் அவர் விரல் நீண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அது எந்தத் திசை என்றுகூடக் கதைக்காரம்மாவுக்குத் தெரியாது. நான் குனிந்து, "கேட்டை. தேளோட நெஞ்சு" என்று காதோரம் சொன்னேன். என் குரல் அவருக்குக் கேட்டது, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதை வாங்கிச் சொல்லவில்லை. நாடாவிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்பை அணைத்தார்.

"ஐயா, நீங்க எங்க காட்டுறீங்கன்னு எனக்குத் தெரியல. எனக்கு இருட்டுல கண் தெரியாது."

மேனேஜர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலையில் கை வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. பைத்தியக்காரி, நான்தான் சொல்லிக் கொடுத்தேனே என்று கோபம் கோபமாக வந்தது.

அவர் அதே குரலில் தொடர்ந்தார். "நீங்களே சொல்லுங்க. அது எப்படி இருக்கு?"

வக்கீல் மென்று விழுங்கினார். "சிவப்பா இருக்கும்மா" என்றார்.

"பக்கத்துல?"

"கீழ வரிசையாப் போய் வளையுது. கொக்கி மாதிரி" என்றது வேறு ஒரு குரல், ஒரு பெண்ணுடையது.

"அப்ப அது தேளோட நெஞ்சு. அந்தக் கொக்கி அதோட கொடுக்கு. அது யாரைக் கொட்டிச்சுன்னு தெரியுமா? ஒரு வேட்டைக்காரனை. பூமியில இருக்கிற மிருகம் எல்லாத்தையும் நான் ஒருத்தனே கொன்னுடுவேன்னு ஜம்பம் அடிச்சான். பூமிக்குக் கோபம் வந்து இதை அனுப்புச்சு. அதிலேருந்து ரெண்டு பேருக்கும் ஆகாது. தேள் மேல வந்தா அவன் கீழ போயிடுவான். ஒரே ஆபீஸ்ல பேச்சு வார்த்தை இல்லாத ரெண்டு பேர் ஷிப்ட் மாத்திக்கிட்ட மாதிரி. இப்ப அவன் நம்ம காலுக்குக் கீழ இருக்கான்."

பிறகு அவர் சொன்ன கதையை அதுவரை நான் கேட்டதில்லை.

"அவனுக்கு ஒரு தடவை கண் போச்சு. ஒரு ராஜா பொண்ணை ஆசைப்பட்டான். ராஜா குடிக்கக் குடுத்து, தூங்கினப்ப கண்ணைக் குத்திட்டான். கண்ணில்லாத வேட்டைக்காரனுக்கு யார் வேலை குடுப்பாங்க? அவன் நேரா ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனான். சுத்தியல் சத்தத்தை வச்சே போனான். அங்க இருந்த ஒரு வேலைக்காரப் பையனைத் தூக்கித் தோள் மேல உக்கார வச்சுக்கிட்டான். நீ வழி சொல்லு, நான் நடக்கிறேன்னான். சூரியன் எந்தப் பக்கம் எழும்புதோ அந்தப் பக்கமா கடலைத் தாண்டி நடந்தான். கால் அவனோடது, கண்ணு அந்தப் பையனோடது. காலை வெயில் மூஞ்சியில பட்டதும் பார்வை வந்துடுச்சுன்னு கதையில சொல்றாங்க. எனக்கு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா இத்தனை வருஷமா ஒருத்தர் எனக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்கார்."

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் நல்லது. இருட்டில் என் மூஞ்சி எப்படி இருந்தது என்று எனக்கே தெரியாது. அதற்கப்புறம் ஆளாளுக்குத் தெரிந்ததைச் சொல்ல, அவர் பெயரும் கதையும் சொல்ல, காட்சி நேரம் கடந்து ஓடியது. யாரும் போனைத் திறக்கவில்லை.

விளக்கு வந்து கூட்டம் போனதும் அவர் மேஜையடியில் உட்கார்ந்து அழுதார். "வேலை போனாக்கூடப் பரவாயில்லண்ணே. அப்பாவுக்கு என்ன சொல்லுவேன்?"

"பின்னே ஏன் சொன்னே? நான்தான் காதுல சொன்னேனே."

"அடுத்த மாசம் வேற வானம் வரும். அதுக்கடுத்த மாசம் வேற. எத்தனை நாடாண்ணே அவர் தைப்பாரு? அலுத்துப் போச்சு."

மேனேஜர் மறுநாள் காலை இருவரையும் கூப்பிட்டார். என்னை முறைத்தார், ஆனால் பல்சக்கரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கதைக்காரம்மாவிடம்தான் பேசினார்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சும்மா. மறைச்சது தப்பு, அதை விடுங்க. எனக்கு ஒரே கவலைதான். கரண்ட் போயிட்டா, தீப்பிடிச்சா, அத்தனை பேரையும் இருட்டுல வெளிய கூட்டிட்டுப் போறதும் உங்க பொறுப்பு. உங்களை எப்படி நம்பி விடுறது?"

கேள்வி நியாயமானதுதான். நான் வாயைத் திறக்கப் போனேன், கதைக்காரம்மா முந்திக்கொண்டார்.

"சார், கரண்ட் போனா அந்த ஹால்ல யாருக்குக் கண் தெரியும்?"

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து எங்களை அரங்கத்துக்குக் கூட்டிப் போய், வாசல் விளக்கு உட்பட எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். அணைத்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை.

"தோள்ல கை வச்சுக்குங்க சார். இங்க ஒரு படி" என்றது அவர் குரல்.

காலடிச் சத்தம் வட்டமாகப் போனது. அவர் நடை ஒரே சீராக இருந்தது. மேனேஜர் எதிலோ முழங்காலை இடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். "அது உடைஞ்ச நாற்காலி சார், கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கும். சொல்ல மறந்துட்டேன்." கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கக் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வந்தது. மேனேஜரின் கை இன்னும் அவர் தோளில் இருந்தது.

"அம்பு ஆபரேட்டர் கையில இருக்கட்டும். கதையை நீங்க சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"அம்பை விட்டுக் குடுக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு சார்."

"இருக்கும்மா. வேற வழி எனக்குத் தெரியல."

கதைக்காரம்மா தலையாட்டினார். வேலை தப்பியது. ஆனால் வக்கீலின் பட்டாளம் சும்மா இருக்குமா? ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. பேன்ட் தைக்கக் கொடுக்க வருகிற எவனாவது பெரியவரிடம் உளறுவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்றார். "நீங்களும் வாங்கண்ணே. தனியா எனக்கு வாய் வராது." விடுமுறை நாள் மத்தியானம் போனேன்.

பெரியவர் பாபின் சுற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. நட்சத்திரம் எல்லாம் சௌக்கியமா?" என்றார் பெரியவர், வழக்கம்போல. மகள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா, எனக்கும் உங்க கண்ணுதாம்ப்பா."

நூல் சுற்றுகிற விரல் நின்றது.

"எப்பருந்து?"

"சின்னதிலேருந்தே. இருட்டினா தெரியாது. நட்சத்திரம் ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்லப்பா."

மார்பில் அடித்துக்கொள்வார், என்னால்தானே என்று அழுவார் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். பெரியவர் கேட்டது வேறு.

"ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரியும்ப்பா. நானே சொல்லிட்டேன்."

"எடுத்துட்டாங்களா?"

"இல்லப்பா."

"தெரிஞ்சுமா வச்சிருக்காங்க?"

"தெரிஞ்சும்தாம்ப்பா."

நம்பாமல் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆமாங்க ஐயா. நேத்துகூடக் கதை சொன்னாங்க, ஹால் ரொம்பிடுச்சு" என்றேன். அவர் பாபினை மடியில் வைத்தார். அப்புறம் வந்த குரல் மகளுக்குச் சொல்வது போலவும் இல்லை, எங்களுக்குச் சொல்வது போலவும் இல்லை.

"கிடங்குல திருட்டுப் போன அன்னிக்கு நான் தூங்கல."

"என்னப்பா சொல்றீங்க?"

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். மூட்டையைத் தூக்கிக்கிட்டு என் முன்னாலயே நடந்தாங்க. காலடிச் சத்தம் கேட்டுச்சு. யாரு, எந்தப் பக்கம் போறாங்கன்னு ஒண்ணும் தெரியல. தடியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே நின்னேன். காலைல விசாரிச்சப்ப, தூங்கிட்டேன்னு சொல்லிட்டேன். கண்ணு தெரியலன்னு சொன்னா அப்புறம் எவன் வேலை குடுப்பான்னு. உங்க அம்மாகிட்டக்கூட அப்படித்தான் சொன்னேன். அவ சாகிற வரைக்கும், தூங்கித்தானே வேலையைத் தொலைச்சீங்கன்னு திட்டிக்கிட்டு இருந்தா."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"சொல்லியிருக்கலாம் போல இருக்கே" என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை மெஷினை மிதிப்பதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.